கரும்புள்ளி இல்லாத சர்வீஸ் புத்தகம்

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கினால் அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுவார்கள். மெமோ வாங்கியிருக்கிறாரா, சஸ்பென்ஷன் உண்டா, தணிக்கை ஆட்சேபம் ஏதாவது நிலுவையில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் சந்தன மாலை, சால்வை, குரூப் போட்டோ, மிக்சர், காபி. “முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு கரும்புள்ளி கிடையாது” என்று மேலதிகாரி தழுதழுப்பார். அந்த முப்பத்தைந்து வருஷமும் அந்த மேஜைக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்தவர்களை மட்டும் மேடைக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

எச்.எம்.எஸ். காரன்வாலிஸ் என்ற பாய்மரப் போர்க்கப்பலுக்கும் அப்படியொரு சர்வீஸ் புத்தகம் உண்டு. 1813இல் தண்ணீரில் இறங்கியது, 1957இல் உடைக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால் 144 ஆண்டு. அத்தனை பக்கத்திலும் ஒரு சிவப்பு மைக் கோடு கிடையாது. கோடு போடும் பேனாவும் வெள்ளைக்காரர்களிடமே இருந்தது.

பிறந்த ஊர் பம்பாய். கட்டியவர் ஜம்ஷெட்ஜி பமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கப்பல் தச்சர். 74 பீரங்கி. நெப்போலியனோடு சண்டை போட்டுப் போட்டு இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடு. ஓக் உளுக்கும், தேக்கு உளுக்காது. ஆகவே நம் மரம், நம் தச்சன், நம் கூலி. கொடி மட்டும் அவர்களுடையது. அந்தக் கைவேலை எவ்வளவு உசத்தி என்பதற்கு 144 ஆண்டே சாட்சி. வாடியாவின் உளியை நான் குறை சொல்ல மாட்டேன். அரிவாள்மனை செய்தவனைக் கழுத்தறுப்புக்குப் பிடித்து உள்ளே வைக்கக்கூடாது.

பெயருக்கு வருவோம். காரன்வாலிஸ் பிரபு 1781இல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில் படையோடு சரணடைந்தவர். சரணடையும் சடங்குக்கு அவர் நேரில் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, கீழே இருந்த அதிகாரியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார். மெடிக்கல் லீவு என்பது எவ்வளவு பழைய கலை பாருங்கள். ஒரு கண்டத்தையே கோட்டைவிட்டவருக்கு என்ன தண்டனை? இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரல் பதவி. தேர்தலில் தோற்றவரை எங்கேயாவது கவர்னராக அனுப்பும் வழக்கத்தை நம் ஆட்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் 1792இல் திப்பு சுல்தானைத் தோற்கடித்தார். பாதி ராஜ்யம், அதற்கு மேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய். பணம் முழுக்க வந்து சேரும்வரை திப்புவின் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஈடு. அண்டா குண்டானை அடகு பிடிப்பதுபோல் பிள்ளைகளைப் பிடித்து மதராசுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குச் சிலையும் வைத்தார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் கல்லாய் நிற்கிறார். பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதைப் பெருமைப்பட்டு பீடத்தில் செதுக்குவது ஒரு தனி நாகரிகம்.

பெயர் வைத்தவர்கள் அறிந்துதான் வைத்திருக்கிறார்கள் போலும். கப்பலும் பின்னாளில் அதே தொழிலைத்தான் செய்தது.

அதற்கு முன் ஒரு சின்ன வேடிக்கை. 1815 ஏப்ரல் கடைசி. ஹார்னட் என்ற அமெரிக்கக் குட்டிப் போர்க்கப்பல், தூரத்தில் தெரிந்த காரன்வாலிஸைச் சரக்குக் கப்பல் என்று நினைத்து ஆசையாய்க் கிட்டே வந்தது. வந்த பிறகுதான் புலி என்று தெரிந்தது. பிடித்தது ஓட்டம். காரன்வாலிஸ் விடாமல் துரத்திச் சுட்டது. ஹார்னட்காரர்கள் ஒரு பீரங்கியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பீரங்கி, படகு, நங்கூரம் எல்லாவற்றையும் கடலில் தள்ளி, எடையைக் குறைத்துத் தப்பிவிட்டார்கள். சுட்ட குண்டில் பட்டது சொற்பம். இத்தனைக்கும் அந்த இரண்டு நாட்டுக்கும் சமாதானம் ஏற்பட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முடிந்துபோன சண்டையில் குறி தவறிச் சுட்டது, இந்தக் கப்பல் செய்த காரியங்களிலேயே பாவம் குறைந்த காரியம்.

இனி பாவத்துக்கு வருவோம்.

பீகாரிலும் காசிப் பக்கத்திலும் உழவனுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி போடவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் ஆலை. அங்கே அபினைத் தேங்காய் அளவுக்கு உருட்டி, பெட்டிக்கு நாற்பது உருண்டையாக அடுக்கினார்கள். கல்கத்தாவில் ஏலம். ஏலத்தில் எடுத்தவன் சீனாவுக்குக் கடத்துவான். சீனாவில் அபின் தடை என்பது கம்பெனிக்குத் தெரியும். அதனால்தான் தன் சொந்தக் கப்பலில் ஒரு பெட்டியைக்கூட ஏற்றாது. விளைய வைத்தது நான், காய்ச்சியது நான், விற்றது நான், கடத்தியது மட்டும் வேறு எவனோ. என் கை சுத்தம். இந்த வாக்கியத்தை இன்றைக்கும் தினசரியில் வாரம் ஒருமுறை படிக்கிறோம், ஆள்தான் மாறுகிறது.

கடத்தல் கப்பலில் குட்ஸ்லாஃப் என்று ஒரு பாதிரியார் போனார். சீனம் நன்றாகத் தெரிந்தவர். ஒரு பக்கம் அபின் இறங்கும், மறு பக்கம் அவர் வேதாகமத் துண்டுப் பிரசுரம் கொடுப்பார். உடம்புக்கு ஒன்று, ஆன்மாவுக்கு ஒன்று.

1839இல் லின் செசூ என்ற அதிகாரி கான்டனுக்கு வந்தார். லஞ்சம் வாங்காதவர். அதுதான் வினை. அந்நிய வியாபாரிகளை அவர்கள் குடியிருப்பிலேயே முற்றுகையிட்டு, 20,283 பெட்டி அபினைப் பிடுங்கினார். ஆயிரம் டன்னுக்கு மேல். ஒரு பெட்டியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. ஹூமென் கடற்கரையில் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீரும் உப்பும் சுண்ணாம்பும் கொட்டி, அபினைக் கரைத்துக் கடலில் விட்டார். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. தொடங்கும் முன் கடல் தெய்வத்துக்குப் பூசை போட்டு, ‘இந்த நஞ்சு வருகிறது, உன் மீன்களைக் கொஞ்ச நாள் தள்ளிப்போகச் சொல்’ என்ற பொருளில் மன்னிப்புக் கேட்டுப் பிரார்த்தித்தார். மீனிடம் மன்னிப்புக் கேட்ட ஒரு அதிகாரியை உலகம் கண்டதும் அப்போதுதான், தண்டித்ததும் அப்போதுதான். லின் பிறகு பதவி இழந்து மேற்கு எல்லைக்கு நாடு கடத்தப்பட்டார்.

நம் ஊரில் கள்ளச்சாராய ஊறலைப் போலீஸ் கொட்டி அழிக்கும் படம் பேப்பரில் வரும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சாராயக்காரன் மறுநாள் கலெக்டர் ஆபீஸுக்கு வந்து, பானை உடைந்ததற்கு நஷ்டஈடு கேட்டால் எப்படி இருக்கும்? அவனுக்குத் துணையாகப் பக்கத்து நாட்டு ராணுவம் வந்தால்? லண்டன் பாராளுமன்றத்தில் இதைத்தான் 1840 ஏப்ரலில் விவாதித்தார்கள். இது அநியாயம் என்று கிளாட்ஸ்டன் போன்ற இளைஞர்கள் கொதித்தார்கள். கண்டனத் தீர்மானத்துக்கு ஆதரவு 262, எதிர்ப்பு 271. ஒன்பது ஓட்டில் ஒரு தேசத்தின் மானம் தப்பியது. எந்தத் தேசத்தின் மானம் என்று கேட்காதீர்கள்.

காரன்வாலிஸ் சீனாவோடு சண்டைக்குப் போன படையின் கொடிக்கப்பல். அட்மிரல் பார்க்கர் அதில்தான் இருந்தார். 1842 கோடையில் யாங்சே ஆற்றில் ஏறினார்கள். காற்று ஒத்துழைக்காத இடத்தில் பாய்மரத்தை நீராவிக் கப்பல் கட்டி இழுத்தது. ஜூலை 21இல் சென்ஜியாங். பீக்கிங்குக்கு அரிசி போகும் பெருங்கால்வாய் அங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. அதன் கழுத்தைப் பிடித்தால் தலைநகரம் பட்டினி. ஊருக்குள் மஞ்சூ காவற்படை கடைசிவரை நின்றது. தோற்பது உறுதியானதும் மனைவி மக்களைத் தாங்களே கொன்று, தாங்களும் செத்தார்கள். தளபதி தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டார். உள்ளே போன சிப்பாய்கள் வீடு வீடாகப் பார்த்தது தூக்கில் தொங்கிய பெண்களையும், பிணம் மிதந்த கிணறுகளையும். சர்வீஸ் புத்தகத்தில் இது ஒரே வரி: ‘சென்ஜியாங் கைப்பற்றப்பட்டது.’ கிணற்றுக்கு அதில் பத்தி கிடையாது.

இந்தப் போருக்குப் போன சிப்பாய்கள் யார்? வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு போனவை மதராஸ் சுதேசிக் காலாட்படைகள். 2, 6, 14, 37, 41 என்று நம்பர் போட்ட ரெஜிமென்ட்டுகள். தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்த பட்டாளம். முந்தைய ஆண்டு மே மாதக் கடைசியில் கான்டனுக்கு வெளியே கொட்டுகிற மழையில் 37ஆம் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய அறுபது பேர், வழி தவறி வயலில் சிக்கினார்கள். துப்பாக்கி மருந்து நனைந்து வெடிக்கவில்லை. சுற்றிலும் ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திய சீனக் குடியானவர்கள். சமாதியைத் தோண்டியதற்கும் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறியதற்கும் ஆத்திரம் கொண்டு வந்தவர்கள் அவர்கள். இந்தப் பக்கம் முழங்கால் சேற்றில் ஒரு தமிழன், அந்தப் பக்கம் முழங்கால் சேற்றில் ஒரு சீனன். இருவரும் நெல் நட்ட சாதி. அபின் வியாபாரி ஜார்டின் அப்போது சேற்றில் இல்லை. லண்டனில், வெல்வெட் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

சிப்பாய்க்குக் கிடைத்தது ரெஜிமென்ட் கொடியில் ஒரு டிராகன் சின்னம்.

1842 ஆகஸ்டு 29. நான்கிங்குக்கு எதிரே ஆற்றில் நங்கூரம் போட்டு நின்ற காரன்வாலிஸின் பின்பக்க அறை. பம்பாய்த் தேக்குத் தளம், பம்பாய்த் தேக்கு உத்தரம். ஒரு மேஜை. ஒரு பக்கம் ஹென்றி பாட்டிஞ்சர், மறு பக்கம் சீயிங், யிலிபு, நியூ ஜியான் என்ற மூன்று சீனப் பெரியவர்கள். மொழிபெயர்ப்புக்கு வேறு சிலரோடு நம் துண்டுப் பிரசுரப் பாதிரியார். இந்தக் காட்சியை ஒரு ராணுவ அதிகாரி படமாக வரைந்தார், பின்னாளில் அச்சுப் படமாகவும் வந்தது. கல்யாண ஆல்பம் மாதிரி எல்லோரும் முறையாக நிற்கிறார்கள்.

கையெழுத்தான பில்லைப் பார்ப்போம். அழிந்த அபினுக்கு 60 லட்சம் வெள்ளி டாலர். சீன வியாபாரிகள் வைத்த கடன் பாக்கி என்று 30 லட்சம். போர்ச் செலவு 1 கோடியே 20 லட்சம். ஆக 2 கோடியே 10 லட்சம். அடித்ததில் என் கை வலிக்கிறது, தைலத்துக்குக் காசு கொடு என்று அடிபட்டவனிடமே வாங்கியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுத் தவணை. தவணை தவறினால் ஆண்டுக்கு 5 சதவீத வட்டி. பணம் முழுக்க வரும்வரை சூஷான், குலாங்யூ என்ற இரண்டு தீவுகள் ஈடு. 1792இல் இரண்டு பிள்ளைகள், 1842இல் இரண்டு தீவுகள். கந்துவட்டிக்காரனுக்குக் கடற்படை இருந்தால் அவனுக்கு ‘பேரரசு’ என்று பெயர்.

அதற்கு மேல் ஐந்து துறைமுகம் திறந்துவிட வேண்டும், ஹாங்காங் தீவு நிரந்தரமாய். அபின் வியாபாரத்தைப் பற்றி ஒரு ஷரத்தும் இல்லை. சண்டைக்குக் காரணமான சரக்கு ஒரே இடத்தில்தான் எட்டிப்பார்க்கிறது, அதுவும் பணம் வசூலிக்கும் இடத்தில். அங்கேயும் அந்த 60 லட்சத்தைக் கடத்தல் சரக்கின் விலை என்று மட்டும் எழுத மனம் வரவில்லை. பிரிட்டிஷ் பிரஜைகளின் உயிரை மீட்கக் கொடுத்த பிணைப்பணத்தின் கணக்கு என்றும் சேர்த்து எழுதினார்கள். கடத்தல்காரன் பிணைக்கைதி ஆகிவிட்டான், பேனா ஒரு இழுப்பு இழுத்ததில்.

கையெழுத்து முடிந்ததும் காரன்வாலிஸ் 21 முறை பீரங்கி முழக்கியது. அது ராஜ மரியாதைக்கு உரிய எண்ணிக்கை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒன்று வீதம் கணக்கு எவ்வளவு சரியாக வருகிறது.

பதவி உயர்வுகளும் வந்தன. பாட்டிஞ்சர் ஹாங்காங்கின் முதல் கவர்னர் ஆனார். பிறகு 1848 முதல் 1854 வரை நம் மதராஸ் கவர்னர். சேற்றில் நின்ற சிப்பாயின் ஊருக்கே வந்து ஆறு வருஷம் சலாம் வாங்கிக்கொண்டார். ஜார்டினுக்கு அபின் கூட்டாளியாய் இருந்த பம்பாய் செல்வர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்க்கு அதே 1842இல் சர் பட்டம். இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் சர் பட்டம் அது. ஆஸ்பத்திரியும் கட்டினார், மறுக்கவில்லை. விற்றது மருந்தாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு பணம் சேர்ந்திருக்காது. விளைந்தது இங்கே, கப்பல் இங்கே, ஆள் இங்கே, முதலாளியில் ஒருவரும் இங்கே. வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுக் கைகழுவ முடியாதபடி சர்வீஸ் புத்தகம் கட்டிப்போடுகிறது.

மிச்சப் பக்கங்கள் சீக்கிரம் முடிகின்றன. 1855இல் நீராவிச் சுழலி பொருத்தி, பால்டிக் கடலில் ரஷ்யர்களின் ஸ்வேபோர்க் கோட்டையைச் சுடக் கொண்டுபோனார்கள். 1865இல் ஷியர்னஸ் கப்பல் தளத்தில் படகுத்துறை மேடையாகக் கட்டிப்போட்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் கையெழுத்து மேஜை, மாலுமிகள் பூட்ஸ் காலோடு ஏறி இறங்கும் படிக்கட்டானது. 1916இல் பெயரையும் பிடுங்கி ‘வைல்ட்ஃபயர்’ என்று மாற்றினார்கள். 1957இல் உடைத்தார்கள்.

1997இல் ஹாங்காங் திரும்பிப் போனது. 2 கோடியே 10 லட்சம் திரும்பவில்லை. காஜிப்பூர் அபின் ஆலை மருந்துக்காக இன்றும் ஓடுகிறது, இப்போது அது நம் அரசாங்கத்துடையது.

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் காரன்வாலிஸின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டாம். கொஞ்சம் குனிந்து பீடத்தைப் பாருங்கள்.