அப்பாருவின் அரைஞாணும் மாப்பிள்ளையின் தட்டும்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அவ்வப்போது ஒரு படம் அனுப்புவான். மரத்தட்டு ஒன்று. அதில் ஒரு கைக்கடிகாரம், மடக்குக்கத்தி, விரல் நீள டார்ச், மைப்பேனா, பித்தளைச் சாவிவளையம். சாமிக்குப் படையல் வைத்ததுபோல் கோணம் பார்த்து அடுக்கியிருப்பான். இதற்கு ‘எவ்ரிடே கேரி’ என்று பெயராம். அன்றாடம் கூடவே எடுத்துப்போகும் சாமான்களை உலகம் முழுக்க ஆட்கள் இப்படித் தட்டில் பரப்பிப் படம் பிடிக்கிறார்கள். “அந்தக் கத்தியில என்ன மாப்ளே வெட்டுவே?” என்று கேட்டேன். “பார்சல் பிரிப்பேன் மாமா” என்றான். பார்சலில் என்ன வரும்? இன்னொரு கத்தி வரும்.

மோகனூரில் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இதையே தட்டு இல்லாமல் செய்துகொண்டிருந்தார். இடுப்பில் அரைஞாண் கயிறு, கயிற்றில் ஒரு வளையம், வளையத்தில் முள்வாங்கி, காதுகுடைவான், பல்குத்தி மூன்றும் கோத்துக் கிடக்கும். மடியில் சுருக்குப்பை. அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி. பேனாக்கத்தி தனி. சுவிட்சர்லாந்தில் 1897-இல் கார்ல் எல்ஸ்னர் ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். அந்த வம்சத்துக் கத்திகளில் இன்று முள்வாங்கி இருக்கிறது, பல்குத்தி இருக்கிறது. காதுகுடைவானைக் காணோம். அந்த வகையில் அப்பாரு ஒரு படி மேல்.

அந்த முள்வாங்கியைச் சொல்ல வேண்டும். கொல்லுப்பட்டறையில் அடித்த இரும்பு, சுண்டுவிரல் நீளம். அழுத்தினால் இரண்டு நுனியும் இடுக்கு தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்காலில் ஒடிந்த வேலமுள்ளைத் தோலோடு சேர்த்துப் பிய்க்காமல் தனியாக உருவி எடுக்கும். அக்கம்பக்கத்தில் யாருக்கு முள் குத்தினாலும் எங்கள் திண்ணைக்குத்தான் நொண்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் அப்பாரு அதைக் கயிற்றிலிருந்து கழற்றித் தரமாட்டார். குத்துப்பட்டவர்தான் காலைத் தூக்கி அவர் மடியில் வைக்க வேண்டும். ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் அப்படி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பா காலத்தில் பெருமை இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. எச்.எம்.டி. ஜனதா, கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. மோகனூரில் நேரம் தெரிந்துகொள்ள வாட்ச் தேவையே இல்லை. சர்க்கரை ஆலைச் சங்கு ஊதினால் ஊரே பொழுதைத் தெரிந்துகொள்ளும். அப்பாவும் சங்கை வைத்துத்தான் எழுந்தார், காட்டுக்குப் போனார், சாப்பிட்டார். வாட்ச்சுக்கு வேறு வேலை இருந்தது. சங்கு ஊதியதும் கையைத் திருப்பிப் பார்த்து, “செரியாத்தான் ஊதறான்” என்று ஆலைக்குச் சான்றிதழ் கொடுப்பார். உண்மையாகவே நேரம் பார்க்க வேண்டியிருந்தது ஆற்றங்கரையில் மட்டும்தான். பாலம் வராத நாளில் அக்கரையிலிருக்கும் வாங்கல் ஊருக்குப் பரிசலில் போக வேண்டும். அது எப்போது கிளம்பும் என்று பரிசல்காரருக்கே தெரியாது. அங்கே போனதும் அப்பா வாட்ச்சைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டிவிடுவார், தண்ணீர் பட்டுவிடுமாம்.

காலையில் குளித்துத் திருநீறு பூசிய கையோடு அதற்குச் சாவி கொடுப்பார். நாங்கள் தொடக்கூடாது. பின்மூடியைத் திறக்கும் உரிமை நாமக்கல் வாட்ச் கடைக்காரருக்கு மட்டும். அவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கியதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

2016-இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. அப்புறம்தான் எல்லோருக்கும் அதன்மேல் பிரியம் பொங்கியது. மாப்பிள்ளை இப்போது ஜனதாவாகத் தேடித் தேடி வாங்குகிறான். கிளிப்பச்சையிலும் கத்தரிப்பூ நிறத்திலும் முகம் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்களாம். “அதெல்லாம் ரீடயல் மாமா, கம்பெனி அந்தக் கலரே போடல” என்று தள்ளிவிடுகிறான். பதினேழு கல், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து என்று மனப்பாடமாகச் சொல்கிறான்.

அப்பாவின் ஜனதாவும் அவனிடம்தான் இருக்கிறது. அப்பா கையில் பேத்தி வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச். விடிகாலையில் வாங்கல் பாலத்தில் நடந்துவிட்டு வந்து, டீக்கடையில் கையைத் திருப்பி எத்தனை அடி நடந்தேன் என்று காட்டுகிறார். “இதுல சாவி குடுக்கற ரோதனையே இல்லைங்” என்கிறார். ராத்திரிதோறும் அதைக் கரண்டில் செருகிவிட்டுத்தான் படுக்கிறார்.

கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த ஜனதாவுக்குள் என்ன ஓடுகிறது என்று எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் தெரிந்துகொண்டவன் இந்தப் பையன்தான். நாங்கள் நல்ல பொருளுக்குச் செய்த மரியாதையெல்லாம் அதை மூடி வைத்ததுதான். ரேடியோவுக்குப் பூவேலைத் துணி, டிவிக்கு இழுப்புக்கதவு வைத்த மரப்பெட்டி. சென்னை பர்மா பஜாரிலிருந்து லாரி டிரைவர் மாமா வாங்கி வந்த டேப்ரிக்கார்டர் வந்த அட்டைப்பெட்டியிலேயே பல வருஷம் குடியிருந்தது. வெளியே எடுத்தால் பழசாகிவிடும் அல்லவா!

மூடி வைக்க முடியாத ஒரே சாமான் டார்ச். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் மேட்டுக்காட்டுக்குக் கிணறுதான் கதி. 1990-இல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமானது. மும்முனைக் கரண்ட் மட்டும் பெரும்பாலும் நடுராத்திரியில் வந்தது. கரும்புக்கும் கோரைக்கும் நடுவே வரப்பில் போக வேண்டும், விரியன் படுத்திருக்கும். மூணு கட்டை எவரெடி டார்ச்தான் துணை. வெளுத்த முலாம், தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும். அடிமூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்குள் ஒரு மாற்று பல்பு ஒளிந்திருக்கும். அதை யோசித்து வைத்த மனிதன் எந்த ஊரானோ, கரும்புக்காட்டில் பல்பு போவதென்றால் என்னவென்று அறிந்தவன். கட்டை மங்கினால் மொட்டை மாடி வெயிலில் காயவைப்போம். இரண்டு ராத்திரிக்கு உயிர் வரும்.

இப்போது மோட்டார் ரூமில் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர். கட்டிலில் படுத்தபடி அப்பா போனில் கூப்பிட்டால் மோட்டார் ஓடுகிறது. காட்டுக்குப் போகிறவருக்கு டார்ச் தேவையில்லாமல் போய்விட்டது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏழாவது மாடியில் இருக்கும் மாப்பிள்ளையிடம் ஆறு டார்ச்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்திருந்தான். ராத்திரி மழைக்காற்றில் டவர் போய்விட்டது, ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை. யாராவது போய்த்தான் ஆக வேண்டும். அவன் கண்ணில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! விரல் நீள டார்ச்சை அழுத்தினான். வரப்பு, வாய்க்கால், அந்தக் கடைசியில் நின்ற தென்னைமரத்தின் இளநீர்க்குலை வரை பட்டப்பகலாக வெளுத்தது. அப்பா அசந்துவிட்டார். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார், தலையைத் திருகிப் பார்த்தார், அடிமூடியைக் கழற்றி மாற்று பல்பைத் தேடினார்.

“என்ன வெலை கண்ணு?”

அது ஏழாயிரத்துச் சொச்சம் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முந்நூத்தம்பது ரூவா அப்புச்சி” என்றான்.

“பரவால்லையே! அடுத்த வாட்டி வாரப்போ ஒரு பத்து வாங்கிட்டு வா சாமி. பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தர்லாம்.”