படிக்கட்டு ஆற்றை பங்கு?

மருமோன், வெள்ளவத்தை வீட்டை நாலு பிளட்டாய்ப் பிரிக்கப் போறியாம், கேள்விப்பட்டன். நல்ல புத்தி. நாலு பங்காளியும் ஒரு கதவுக்குள்ளை நிண்டு சண்டை பிடிக்கிறது எங்கடை பட்டிக்காட்டுப் பழக்கம். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு மீற்றர், ஆளுக்கொரு கோலிங் பெல் எண்டு வைச்சுச் சண்டை பிடிக்கிறதுதான் கொழும்புக்கு அழகு.

உன்ரை கணக்கும் சரிதான். காணி 12 பேர்ச், பிள்ளையள் நாலு பேர். நிலத்தைத் துண்டு போட்டால் ஆளுக்கு 3 பேர்ச் வரும். நகர அபிவிருத்தி அதிகாரசபைக்காரர் வழக்கமாய் 6 பேர்ச்சுக்குக் குறைஞ்ச துண்டை ஏறெடுத்தும் பாக்காயினம். கோட்டுக்குப் போனால் 1977ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் கிடக்குது. பிரிக்கேலாத காணியை ஏலத்திலை வித்துக் காசாய்ப் பிரிச்சுத் தருவினம். அந்தக் காசு கைக்கு வரேக்கை உனக்கும் என்ரை வயசு வந்திடும். ஆனபடியால் வீட்டைத்தான் வெட்டவேணும். வெட்டு.

ஒரு புத்தி சொல்லுறன், எஞ்சினியரை மட்டும் கூப்பிடாதை. அவர் வந்தால் சுவரிலை தட்டிப் பாப்பார். தட்டினால் அது கபுக்கல் எண்டும், தூண் எண்டு ஒண்டுமே இல்லையெண்டும், மேல்மாடி முழுக்க அந்தச் சுவரிலைதான் குந்திக்கொண்டிருக்குதெண்டும் தெரிஞ்சுபோம். பிறகு நீ நினைச்ச இடத்திலை சுவரை இடிச்சு ஹோல் எடுக்க விடார். மேசன் எண்டால் சோலி இல்லை, காட்டின இடத்திலை இடிப்பான். மேல் விறாந்தையின்ரை அடிப்பக்கத்தை ஒருக்கால் அண்ணாந்து பார். மண்ணிறமாய்க் கோடு கோடாய் ஒழுகியிருக்கும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை எல்லோ? உப்புக் காத்திலை கம்பி துருப்பிடிச்சு ஊதி, சீமெந்தைத் தள்ளுது. போன கிழமை விளக்குமாத்துக் காம்பாலை மெல்லத் தொட்டன், உள்ளங்கை அளவுத் துண்டொண்டு காலடியிலை விழுந்திது. நீ கவலைப்படாதை, பெயின்ற் அடிச்சால் தெரியாது.

கக்கூஸ் நாலு வருமே? நல்லது. கொழும்பு மாநகரத்தின்ரை கழிவெல்லாம் ரண்டு வாயாலை கடலுக்குப் போகுது. ஒண்டு முகத்துவாரம், மற்றது எங்கடை வெள்ளவத்தை. ஊர்க் கழிவுக்கெல்லாம் வழி இருக்கு. நாலு குடும்பத்துக்கு வீட்டிலையிருந்து றோட்டுக்குப் போறது மட்டும் அப்பு காலத்துக் குழாய் ஒண்டுதான். ஆற்றை விருந்துக்கு ஆற்றை வீட்டுக்குள்ளை தண்ணி திரும்பி வருமெண்டது அவரவர் அதிட்டம்.

சட்டமும் உன்ரை பக்கம்தான். 1973ஆம் ஆண்டு சிறிமா அரசாங்கம் ரண்டு சட்டம் போட்டுது. பீற்றர் கெனமன் வீடமைப்பு மந்திரியாய் இருந்த காலம். 1ஆம் இலக்கச் சட்டம், இத்தினை வீட்டுக்கு மேலை ஒருத்தரும் வைச்சிருக்கேலாது எண்டு மிச்சத்தைப் பறிச்சுது. 11ஆம் இலக்கச் சட்டம், ஒரு கட்டடத்தையே துண்டு துண்டாய் வெவ்வேறை ஆக்கள் சொந்தமாக்கலாம் எண்டு வழி விட்டுது. இண்டைக்கு காலி வீதியிலையிருந்து மறைன் டிரைவ் மட்டும் நிக்கிற தொடர்மாடியெல்லாம் அந்த இளையதின்ரை வம்சம்.

அந்த 11ஆம் இலக்கத்தை முழுக்க வாசிச்சியெண்டால் நித்திரை வராது. உன்ரை நாலு சுவருக்குள்ளை இருக்கிறது உன்ரை. அத்திவாரம், கூரை, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் பொது. அதைப் பிரிச்சுத் தா எண்டு கேக்கேலாது. கூட்டாதன வரைபடம் பதிஞ்ச உடனை பங்காளியள் எல்லாரும் சேர்ந்து ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஆகிடுவியள். சேர்ந்திருக்கேலாது எண்டுதானே பிரிஞ்சனீங்கள்? இனிக் கூட்டம் போட்டு, குறிப்பெழுதி, கையெழுத்து வைச்சுச் சேர்ந்திருங்கோ.

ஊரிலை வேலிக்கதியாலை ராவோடை ராவாய் ஒரு சாண் தள்ளி நட்டு, விடிய எழும்பி “ஆர் பாத்தது?” எண்டு கேப்பம். மாடி வீட்டிலை அந்த வேலையைச் செருப்புத் தட்டு செய்யும். முதல் மாதம் கதவோடை ஒட்டி நிக்கும். தைப்பொங்கலுக்குப் படிப்பக்கம் ஒரு அடி நகரும். வருசப்பிறப்புக்கு அதுக்கு மேலை ஒரு பூச்சாடி ஏறும். கொட்டாஞ்சேனையிலை உன்ரை தங்கச்சி இருக்கிற தொடர்மாடிக்குப் போனால் லிப்டுக்குப் பக்கத்துப் பலகையை வாசிச்சுப் பார். மாதக்காசு கட்டாத ஆக்களின்ரை வீட்டிலக்கம் வரிசையாய் ஒட்டிக்கிடக்கும். அதிலை அவளின்ரையும் ஒண்டு. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை.

ரொறொன்ரோவிலை இருக்கிற கொண்ணன் என்ன சொல்லுவான் தெரியுமே? “நான் படியே ஏறேல்லை, படிக்கு ஏன் காசு?” எண்டுவான். ஞாயம்தான். தங்கச்சியின்ரை பங்கையும் விலைக்கு வாங்கப் போறானாம். அவன் கனடாப் பிரசை. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தால் பிரச்சினை இல்லை. எடுக்காட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக்காரர் இஞ்சை விலைக்கு வாங்கேலாது. கூட்டாதன வரைபடம் பதிஞ்ச பிளட் எண்டால் மட்டும் முழுக்காசையும் வெளியிலையிருந்து முன்னுக்கு அனுப்பி வாங்கலாம்.

லண்டனிலை இருக்கிற மற்றவள் தன்ரை பங்கைப் புரோக்கருக்குக் குடுத்தால் என்ன செய்வாய்? தேசவழமை இருக்கு, பங்காளிக்குத்தான் முதல் கேள்வி எண்டு நிமிருவாய். அது வடக்கிலை இருக்கிற காணிக்கு மோனை. வெள்ளவத்தைப் பாலத்தடியிலை அது செல்லாது.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கேக்கை அந்த ஹோலிலை மூண்டு குடும்பம் இருந்தது. நடுவிலை கட்டினது ரண்டு சாறமும் ஒரு பழஞ்சீலையும். வரைபடமும் இல்லை, கூட்டுத்தாபனமும் இல்லை. பொலிசுக்குக் குடுத்த ஆள் பதிவிலை மட்டும் எல்லாரும் ஒரே வீடு. அப்பவும் சண்டைதான், கக்கூசுக்கு முன்னாலை.

சரி, நீ வெட்டத்தான் போறாய். அப்ப ஒரு வேலை செய். கல்லு ஏத்த முன்னம், தண்ணித்தாங்கி, மோட்டர் கறண்ட், கேற்றுத் திறப்பு, மொட்டைமாடியிலை உடுப்புக் காயப்போடுற கொடி, இதெல்லாம் ஆற்றை பொறுப்பெண்டு எழுதி நாலு பேரிட்டையும் கையெழுத்து வாங்கு. உறுதியை நொத்தாரிசிட்டைக் கொண்டுபோக முன்னம் நீயும் ஒருக்கால் விரிச்சு வாசி. கொம்மாவுக்கு அப்பு சீதனமாய் எழுதினது முழு வீடு எண்டுதானே எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கிறியள்? ரண்டாம் பக்கத்திலை, முத்திரைக்குக் கீழை, “அரைவாசி” எண்டு கிடக்கும். மற்ற அரைவாசியிலை என்ரை பேர்.

பதறாதை. நான் கோட்டுக்குப் போற ஆளில்லை. எனக்குக் கீழ்த்தட்டிலை, சந்தைக்கு நடந்து போகக் கூடின பக்கம் ஒண்டு போதும். படி ஏறுற வயசில்லை, ஆனபடியால் படிக்காசும் தரமாட்டன்.