சிம்ப்சன் பாலையில் கணினி நிறுத்தும் முறை: ஓர் உரைவிளக்கம்

உயிர் உடலில் எங்கே தங்குகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட அறிஞர்கள், ஜீப்பின் கியர் தண்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அங்கே ஒரு சிறு மடிக்கணினியை எப்படி நிறுத்துவது, யார் முகம் பார்க்க நிறுத்துவது என்ற வினா கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறை நீக்குதல் இந்நூற்பயன்.

ஆய்வுக்களம் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனம். காலம், ஏசுஸ் நிறுவனம் 2007-இல் ஈ பிசி 701 என்ற ஏழு அங்குலத் திரைக் கணினியை வெளியிட்டதை அடுத்த சில ஆண்டுகள். தொடுதிரைப் பலகைகள் வந்து எல்லாவற்றையும் எளிதாக்கிக் கெடுத்துவிடாத பொற்காலம் அது. காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து, ஓசிஎக்ஸ்ப்ளோரர் என்ற ஆஸ்திரேலிய மென்பொருளில் ஏற்றி, ஜிபிஎஸ் கருவியைச் செருகினால், வண்டி ஒரு சிறு குறியாக அதன்மேல் ஊர்ந்து போகும்.

களத்தின் இயல்பு இது: ஏறத்தாழ 1,100 மணல்மேடுகள் ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. 1960-களில் எண்ணெய் தேடி வந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் அவற்றுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு தடம் போட்டது. இன்றைக்கும் அதன் பெயர் பிரெஞ்சு லைன். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்து. ஆகவே விவரமறிந்தவர் மேற்கிலிருந்து கிழக்கே போவர். ஒரு மேடு ஏறி இறங்கினால் அடுத்த மேடு. அதை இறங்கினால் அதற்கடுத்தது. சில சந்திப்புகள் நீங்கலாக, இங்கே வழி தவற வேண்டுமென்றால் தனி முயற்சி தேவை.

அஃதேல், வழி ஒன்றேயாகிய இடத்தில் வழிகாட்டும் கருவி எதற்கு எனின், நல்ல கடா. விடை பின்னர்க் கூறப்படும்.

நிறுத்துமிடம் குறித்து நான்கு கொள்கையார் உளர். முதலாமவர் மடியார். இடப்பக்க இருக்கையில் இருப்பவரின் தொடையே ஆகச் சிறந்த அதிர்வுதாங்கி என்பது இவர்கள் துணிபு. அதில் உண்மை உண்டு. ஆனால் மாட்டுப் பண்ணைகளின் வழியே போகும்போது வேலிக் கதவைத் திறக்க இறங்குபவர் அவர்தான். கணினியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கியவர் திரும்பி ஏறும்போது எதன்மேல் அமர்வார் என்பதை இக்கொள்கையார் கடைசிவரை விளக்கவில்லை.

இரண்டாமவர் ஒட்டார். ஒட்டுப்பட்டையால் டாஷ்போர்டின் மேல் ஒட்டுவர். உச்சிவெயிலில் பசை இளகும். அது சிறு குறை. பெருங்குறை, அதே இடத்தில் காற்றுப்பை உறங்குகிறது. அது விழித்தால் கணினி யார் முகத்துக்குப் போகும் என்று கணிக்க மென்பொருள் வேண்டாம். மூன்றாமவர் துளையார். டிரில்லை எடுத்துத் துளைத்த பிறகே உள்ளே ஓடும் ஒயர்களைப் பற்றிச் சிந்திப்பவர்கள் என்பதால் இவர்களோடு வாதமில்லை.

நான்காமவர் உருண்டையார். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றி, அதன் அடியில் ஒரு தகட்டைச் செருகி, மீண்டும் முறுக்குவர். தகட்டிலிருந்து ஒரு தண்டு எழும், அதன் தலையில் ரப்பர் பூசிய உருண்டை, அதைக் கவ்வும் இரு தாடைகள், மேலே தட்டு. துளை இல்லை, பசை இல்லை, எப்பக்கமும் திருப்பலாம். வாதத்தில் வென்றவர் இவர்களே. தண்டு நீள நீள ஆட்டம் கூடும் என்பது மட்டும் இவர்கள் வாய்விட்டுச் சொல்லாத உண்மை.

மின்சாரத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பெரிய மடிக்கணினிகள் பல 19 வோல்ட் கேட்கும். வண்டியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டரால் 230-க்கு ஏற்றி, சார்ஜரால் 19-க்கு இறக்குவது, எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்றது. ஈ பிசிக்கு 9.5 வோல்ட் போதும். நேரே இறக்கிக் கொடுக்கலாம். அதன் சேமிப்பகம் சுழலும் தட்டன்று என்பதும் சிறப்பு. மண்சாலையின் அலைமடிப்புகளில் பற்கள் தாளம் போடும்போது, தட்டுக்கு மேல் நானோமீட்டர்க் கணக்கில் மிதக்கும் படிப்புமுனை என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்க்க.

இனி, உரையாசிரியர் மயங்கும் இடம். ஜிபிஎஸ் கருவியைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினால், விண்டோஸ் சில வேளைகளில் அதை மவுஸ் என்று நம்பிவிடும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களின் சொல் கேட்டுத் திரையில் அம்புக்குறி பேயாடும். மெனுக்கள் தாமே திறக்கும், மூடும். கணினி விழித்தபின் கருவியைச் செருகுவதே பரிகாரம். வானம் பூமியை நேரடியாக ஆளும் கொள்கைக்கு இதனினும் வலிய சான்று வேறில்லை என்பாரும் உளர்.

அளவைச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பழைய வரைபடங்கள் 1966-ஆம் ஆண்டுப் புவியளவைப்படி வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பேசுவது வேறு அளவையில். இரண்டையும் பொருத்தாமல் விட்டால் ஏறத்தாழ 200 மீட்டர் விலகல். சக்கரம் தடத்தில் ஓடும். திரையோ வண்டி புல்லுக்குள் போகிறது என்னும். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் எது வலிது? ஓட்டுநர் காண்டலைப் பற்றுவர். அருகிருப்பவர் உரையைப் பற்றுவர். கருதலைப் பற்றுவார் அந்த வண்டியில் ஒருவரும் இலர்.

இங்கேதான் முற்கூறிய கடாவுக்கு விடை கிடைக்கிறது. கணினியை நிறுத்துவது வழி அறிதற்கு அன்று. வழி சொல்லும் உரிமை யாருக்கு என்று தீர்ப்பதற்கே. 1886-இல் நிலஆய்வாளர் டேவிட் லிண்ட்சே இப்பாலையின் மிகிரி என்னும் கிணறுகளைத் தேடியபோது, வங்கங்குரு பழங்குடி மனிதர் ஒருவர் ஒன்பது கிணறுகளுக்கு அழைத்துப் போனார். யார் வழிகாட்டி, யார் பின்தொடர்பவர் என்பதில் குழப்பமில்லை, தாங்கியும் தேவைப்படவில்லை. நம் ஆய்வுக்கால வண்டியிலோ திரை பத்துப் பாகை வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத்தவர் வெறும் பயணி. இடப்பக்கம் திரும்பினால் ஓட்டுநர் வெறும் டிரைவர். இருவருக்கும் நடுவில் நிறுத்தலாமே எனின், பொருந்தாது. நடுவில் நிறுத்திய திரையில் தெரிவது பின்கண்ணாடி வழி வரும் வெயில் மட்டுமே.

இதனால்தான் உருண்டையார் கொள்கை வென்றது என்பது எம் துணிபு. உருண்டையின் பிடி அலைமடிப்புச் சாலையில் மெல்ல நழுவும். காலையில் ஓட்டுநரைப் பார்த்துப் புறப்பட்ட திரை மாலையில் வேறெங்கோ பார்த்திருக்கும். அதை நழுவச் செய்தது சாலையா, பக்கத்து இருக்கையின் முழங்காலா என்பது ஆய்வுக்குரியது. களத் தரவு தரவேண்டிய இருவரும் தனித்தனியே கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள்.