புல்லுக்கும் ஊர் உண்டு

கேள்வி: இங்கிலாந்துப் புல்தரை மாதிரி வேண்டுமென்று ரை புல் விதை வாங்கித் தூவினேன். பத்தே நாளில் பச்சையாக முளைத்தது. இப்போது மஞ்சளாகிப் படுத்துவிட்டது. இங்கேயும் கடல் பக்கம்தான், மழையும் உண்டே! (ஒரு வாசகர், ஆயர் தாவார், மலேசியா)

பதில்: மழை உண்டு, குளிர் எங்கே ஐயா? அந்தப் புல்லுக்கு இருபது டிகிரி இருந்தால் கொண்டாட்டம். நம்ம ஊரில் மதியம் முப்பதைத் தாண்டும். மழை விட்டதும் தரையே இட்லிப் பானையாகிவிடும். அதில் வெந்த புல்லைத்தான் பார்க்கிறீர்கள். ரை புல்தான் வேண்டுமென்றால் கேமரன் மலையில் வீடு பாருங்கள்.

உங்கள் வாசலுக்கு மாட்டுப்புல் போதும். அகன்ற இலை, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இனம். புளிப்பு மண், ஈரம், ரம்புத்தான் மர நிழல், எதற்கும் முகம் சுளிக்காது. விதை வேண்டாம், கணுவோடு கொடியை நறுக்கி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் தானே படரும். மணிலாப் புல் இதைவிட அழகுதான், ஆனால் நல்ல வெயில் கேட்கும்.

தண்ணீர் தேங்கினால் ஓரத்தில் சிறு கால்வாய் வெட்டுங்கள். ஈரத்தில் மிஷின் ஓட்டாதீர்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். தொட்டாச்சிணுங்கியைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். தொட்டால் சுருங்குகிறதே என்று இரக்கப்பட்டால் அடுத்த மாதம் முள் குத்தி நீங்கள்தான் சிணுங்குவீர்கள்.

அப்படியானால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களா புல்தரை மட்டும் எப்படிப் பளபளத்தது என்று கேட்பீர்கள். அங்கே புல் வெட்டியது துரையா என்ன?