வாயுள்ள பிள்ளை

பிரையன் கிளஃப் 1935இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் பிறந்தார். அப்பாவுக்கு மிட்டாய்க் கம்பெனியில் வேலை. அந்தச் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் பையன் நாக்கில் ஒட்டவில்லை.

உள்ளூர்க் கால்பந்து அணிக்கு 213 லீக் ஆட்டங்களில் 197 கோல் போட்டார். கோயில் கட்டியிருக்க வேண்டாமா? சக ஆட்டக்காரர்கள், கேப்டன் பதவியிலிருந்து இவரைத் தூக்கச் சொல்லி மனு எழுதினார்கள். முன்னால் இவர் போட்டதையெல்லாம் பின்னால் அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை இவர் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தார்.

பிறகு சண்டர்லாண்ட். 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எதிரணி கோல்கீப்பர்மேல் மோதி முழங்கால் போயிற்று. வயது 27. கால் போனால் என்ன, வாய் இருக்கிறதே! அதை மட்டும் வைத்துப் பிழைக்க மேனேஜர் என்றொரு உத்தியோகமும் இருந்தது.

1965இல் ஹார்ட்டில்பூல்ஸ், நான்காம் டிவிஷன். கையில் காசில்லாத கிளப். அணியின் பஸ்ஸைத் தானே ஓட்டலாமென்று லைசென்ஸ் வாங்கினார். கூடவே பீட்டர் டெய்லர், பழைய மிடில்ஸ்பரோ கோல்கீப்பர். நல்ல ஆட்டக்காரனை மோப்பம் பிடிப்பது டெய்லர் வேலை. பேசுவது இவர் வேலை. இருவரும் டெர்பி அணிக்குப் போய் 1972இல் லீக் சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். அடுத்த வருஷமே நிர்வாகத்தோடு தகராறு. ராஜினாமாக் கடிதம் நீட்டினார். மிரட்டல்தான், அவர்களோ வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

லீட்ஸ் அணியை வருஷக்கணக்காக மோசடிக் கும்பல் என்று திட்டியவர், 1974இல் அங்கேயே மேனேஜராகப் போனார். ஏமாற்றி வாங்கிய மெடல்களைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்பதுதான் முதல் அறிமுக உரை. ஒரு மண்டலம்கூட முடியவில்லை. 44ஆம் நாள் வெளியே. ஆனால் ஏறக்குறைய லட்சம் பவுண்டு நஷ்டஈடு! பேசிப் பேசியே இவ்வளவு சம்பாதித்தவர் அரசியலில்கூட அபூர்வம்.

அப்புறம் நாட்டிங்காம் ஃபாரஸ்ட். 1977இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி, 1978இல் சாம்பியன், 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை. நம்ப முடியாத கதைதான், ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1979 லீக் கப் இறுதிப் போட்டிக்கு முந்தின ராத்திரி, ஆட்டக்காரர்களை உட்காரவைத்து ஷாம்பெயின் ஊற்றினார். தூங்கப் போகிறேன் என்று எழுந்தவரையும் விடவில்லை. மறுநாள் தள்ளாடியபடி ஒரு கோல் வாங்கி, தெளிந்தபின் 3-2 என்று ஜெயித்தார்கள். விளையாட்டு மருத்துவர்கள் இதை இன்னும் சிபாரிசு செய்யவில்லை.

1989இல் ஜெயித்த சந்தோஷத்தில் மைதானத்துக்குள் ஓடிவந்த சொந்த ரசிகர்களையே அறைந்தார். 5,000 பவுண்டு அபராதம். அடி வாங்கியவர்கள் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். இவர் பெரிய மனசோடு முத்தம் வாங்கிக்கொண்டார்.

அந்த வாய் ஓரிடத்தில் மட்டும் திறக்கவில்லை. 1983இல் சண்டை போட்டுப் பிரிந்த டெய்லரோடு, அவர் 1990இல் சாகும்வரை சமாதானமே ஆகவில்லை.

1993இல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, இவர் ஓய்வுபெற்றார். 2004இல் காலமானார். டெர்பிக்கும் நாட்டிங்காமுக்கும் ஜென்மப் பகை. இரண்டு ஊரையும் சேர்க்கும் சாலைக்கு இவர் பெயரை வைத்தார்கள். ஒருத்தரையொருத்தர் திட்டப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.