கொள்ளைக்கு முன் உரிமம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்போடு மல்லுக்கட்டிக் களைத்தவர்களுக்கு ஓர் அருமையான யோசனை. கடற்கொள்ளையர் மோகத்தைத் தொழிலாக்குங்கள். பாய்மரக் கப்பல் வடிவில் ஓட்டல், கூரையில் மண்டையோட்டுக் கொடி, கண்ணில் கறுப்புப் பட்டையோடு சர்வர், 'கேப்டன் ஸ்பெஷல்' பிரியாணி. எந்த வங்கி கடன் தராமல் போகும்?

கதைக்குக் கரீபியன் வரை போக வேண்டாம். நம்ம பழவேற்காடு போதும். 1613இல் டச்சுக் கம்பெனி அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. துணி வாங்கியது, வெடிமருந்து செய்தது, ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் முறையாகக் கணக்கு உண்டு. சாதாரணக் கொள்ளையனுக்கு இந்த ஒழுங்கு வருமா?

கேப்டன் கிட் என்ற மாலுமியையே பாருங்கள். கொள்ளையரைப் பிடிக்க இங்கிலாந்து ராஜாவிடம் உரிமம் வாங்கிக்கொண்டு வந்தவர். 1698இல் மலபார்ப் பக்கம் 'குவேடா மெர்ச்சன்ட்' கப்பலைப் பிடித்தார். உரிமம் இருந்தது; பங்குதாரர் கூட்டம் நடத்தத் தெரியவில்லை, பாவம். 1701இல் லண்டனில் தூக்கிலிட்டு, உடலைத் தேம்ஸ் கரையில் தொங்கவிட்டார்கள்.

ஓட்டலுக்கு அலங்கார மாதிரி வேண்டுமானால் பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், மண்டையோடு. அடடா, கொள்ளையர் கல்லறை என்று குதிக்காதீர்கள். உள்ளே உறங்குபவர்கள் கம்பெனிக் கனவான்கள். அந்த இடத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. சேதப்படுத்தினால் தண்டனை உண்டு, நமக்கு.