வெள்ளைக் குதிரையின் மஞ்சள் கறை: ஆனைகட்டியை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

குதிரையின் சுழிக்கு நூல் உண்டு. பல்லுக்கு உண்டு, நடைக்கு உண்டு, கனைப்புக்குக்கூடப் பலன் சொல்லியிருக்கிறார்கள். விடிகாலையில் லாயத்தை விட்டு வெளியே வரும் வெள்ளைக் குதிரையின் பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருக்கிறதே ஒரு மஞ்சள் கறை, அதற்கு மட்டும் தனி நூல் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை என்க.

ஆய்வுக்களம் ஆனைகட்டி. கோவையிலிருந்து தடாகம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. பறவைகளை ஆராய 1990-இல் தொடங்கப்பட்ட, சலீம் அலி பெயரிலான மையம் ஒன்று இங்கே இருக்கிறது. குதிரைக்கு அப்படி யாரும் முன்வராததால் நான் வர நேர்ந்தது. ஆய்வுப் பொருள் ஒரே ஒரு குதிரை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கோவைக்குப் போய்வருவது. மாதிரி போதாது என்று சொல்லும் புள்ளியியல்காரர்கள் இரண்டாவது குதிரைக்குக் கொள்ளு வாங்கித் தரலாம்.

முதலில் நிறம். நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்வதில் பெரும்பாலானவை பிறவி வெள்ளை இல்லை. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, சாம்பல் பூத்து, ஆறேழு வயதில் வெளுத்துப் போனவை. எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவில் ஏறக்குறைய 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்துப் போனதுதான் காரணம் என்று 2008-இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குழு கண்டுபிடித்தது. இளநரைதான், குதிரைக்கு வந்தால் விலை ஏறுகிறது. மயிர் வெளுத்தாலும் அடியில் தோல் கறுப்பாகவே இருக்கும். அதனால் தண்ணீர் ஊற்றியதும் குதிரை வெளுப்பதற்குப் பதிலாகக் கறுக்கும். புதிதாகக் குதிரை வாங்கியவர் இந்தக் கட்டத்தில் பதறிப்போய் இன்னொரு கை சோப்பு போடுவார். அது கறை அல்ல, தோல் என்று அறிக. நுக்ரா என்னும் பிறவி வெள்ளைக்குத் தோல் இளஞ்சிவப்பு. அது நம் ஆய்வுக்குப் புறம்பு.

இனிக் கறையின் தோற்றம். குதிரை நின்றபடி தூங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு, அதாவது கனவு வரும் தூக்கத்துக்கு, அது படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அந்த அரைமணிக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. "ஏனுங்க, ராத்திரி பூரா நின்னுட்டேதான் இருந்துச்சுங்க, எப்பப் படுத்துச்சுன்னே தெரியலீங்க" என்பது குதிரைக்காரரின் வாக்குமூலம். அவர் பொய் சொல்லவில்லை, தூங்கியிருக்கிறார். லாயத்தில் உலர்ந்த இடம் முக்கால்வாசி இருக்க, ஈரமான கால்வாசியைத் தேடிப் போய் அது படுப்பானேன் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தத்துவத்துறைதான் முன்வர வேண்டும்.

ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 கிலோவுக்கு மேல் லத்தி போடும். பச்சைப் புல் தின்ற நாளில் அதன் சாயம் பச்சையாகவே ஒட்டும். ஆனால் லத்திக் கறை சாது. காய்ந்ததும் பிரஷ் போட்டால் பாதி உதிர்ந்துவிடும். மூத்திரம்தான் கொடியது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியா காரம். காரம் பட்டால் மயிரின் மேற்செதில்கள் விரிந்து வழிவிடும். மூத்திரத்தில் உள்ள சில பொருட்களோ காற்றுப் பட்டதும் பழுப்பாக மாறும் குணமுள்ளவை. கதவைத் திறப்பவனும் உள்ளே சாயம் பூசுபவனும் ஒரே வாளியில் வந்து இறங்குகிறார்கள். இதனால்தான் அன்றைய கறை அன்றே போகிறது. மூன்று நாள் கறை முகூர்த்தம் வரை இருக்கிறது.

வரலாற்றுச் சான்றுகளுக்கு வருவோம். வெள்ளைக் குதிரையின் கறை பற்றிய மிகப் பழைய வழக்கு மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் உள்ளது. பாற்கடலில் பிறந்த உச்சைசிரவசின் வால் வெள்ளையா கறுப்பா என்று கத்ருவும் வினதையும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவள் மற்றவளுக்கு அடிமை. கத்ரு தன் பாம்புப் பிள்ளைகளை ஏவி வாலில் சுற்றிக்கொள்ளச் செய்தாள், வால் கறுப்பாகத் தெரிந்தது, வினதை அடிமையானாள். பாம்பு என்பது பிற்காலத்தார் ஏற்றியது என்பது என் துணிபு. வெள்ளைக் குதிரைக்கு எந்த இடம் முதலில் கெடும்? வால். வினதை ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி அலசிப் பார்த்திருந்தால், அவளை மீட்க மகன் கருடன் தேவலோகம் வரை அமுதத்துக்கு அலைந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் சான்று மதுரையில். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்தார். அன்றிரவே அவை மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. ஆவணி மூலத்தில் மதுரை இன்றும் இதைக் கொண்டாடுகிறது. பக்தர்கள் பொறுக்க, ஆய்வாளனாக ஒன்று கேட்கிறேன். மாலையில் பளபளவென்று லாயத்துக்குள் போனது, காலையில் பழுப்பும் மஞ்சளுமாக, நரி நிறத்தில் வெளியே வருகிறது. இதற்குத் தெய்வச் செயல் அவசியம்தானா? ஆனைகட்டியில் இது தினமும் நடக்கிறது. பழைய குதிரைகள் கடிபட்டதற்கு என்ன சொல்கிறீர் எனின், புதுக் குதிரையையும் பழைய குதிரையையும் முதல் நாளே ஒன்றாகக் கட்டினால் அப்படித்தான் நடக்கும் என விடுக்க.

நீக்கும் முறையில் மூன்று கட்சிகள். துணி சோப்புக் கட்சியை முதலிலேயே தள்ளிவிடலாம். சோப்பும் காரம், விரிந்த செதிலை இன்னும் விரிக்கும். இன்று வெளுத்து, நாளை இரண்டு மடங்கு கறை பிடிக்கும். அரப்புக் கட்சி கொங்கு நாட்டுக்கு உரியது. உசிலை இலையைக் காயவைத்து இடித்த தூள். நுரை அதிகம் வராது என்பதால் நகரத்தார் நம்புவதில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற எடுப்பில் மனிதத் தலைக்கும் குதிரை முதுகுக்கும் அது பேதம் பார்ப்பதில்லை. எங்கள் குதிரைக்காரர் இக்கட்சி. முதலில் காய்ந்த மேனியில் பிரஷ் போட்டு உதிர்வதை உதிர்ப்பார். பிறகு கறையின் மேல் மட்டும் புளித்த மோர். காரத்துக்கு எதிர் புளிப்பு என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அடுத்து அரப்பைக் குழைத்து அப்பி, ஒரு பீடி முடியும் வரை காத்திருந்து, மயிர் படிந்த திசையிலேயே தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் கழுவுவார். பின்னங்கால் முட்டிக்கு மட்டும் இதே சடங்கு இரண்டாம் முறை. வாலைத் தனி வாளியில் ஊறவைத்துக் கையால் சிக்கெடுப்பார். சீப்புப் போட்டால் மயிர் அறும், அறுந்த வால் வளர வருடங்கள் ஆகும்.

மூன்றாவது நீலக் கட்சி. 1983-இல் திருச்சூரில் எம்.பி.ராமச்சந்திரன் தொடங்கிய உஜாலா சொட்டு நீலம் எல்லை தாண்டி வந்து வேட்டியை வெளுத்தது. மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. சில துளி போட்டால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. கறை போகவில்லை, பார்ப்பவர் கண்தான் ஏமாறுகிறது. வெளிநாட்டில் குதிரைக்கென்றே விற்கும் ஊதா ஷாம்புவின் சூட்சுமமும் இதுவே. ஒரு வாளிக்குச் சில துளி என்ற அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சதந்திரம் பதிவு செய்திருக்கிறது: சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகிக் காட்டுக்கு ராஜாவான நரி. அது ஊளையிட்டுத்தான் மாட்டிக்கொண்டது. நம் குதிரை வாயைத் திறக்கவே வேண்டாம். மண்டபத்து வாசலில் ஃபோகஸ் லைட் விழுந்ததுமே தெரிந்துவிடும்.

தடுப்பு முறை ஒன்றே ஒன்று. மாலையில் ஈர வைக்கோலை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் பரப்புவது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை இன்னும் நன்றாக உறிஞ்சும். அப்படிச் செய்தால் இந்த ஆய்வுக்கே வேலை இல்லை என்பதால் குதிரைக்காரரிடம் நான் வற்புறுத்தவில்லை. மேலும், குளித்து முடித்த குதிரை செய்யும் முதல் வேலை செம்மண்ணில் முதுகு படப் புரள்வது. தடாகம் பள்ளத்தாக்கு மண், செங்கல்லுக்குப் பேர்போனது.

ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு இக்குதிரையைக் கொண்டுபோகும் யோசனை குதிரைக்காரருக்கு இருக்கிறது. திப்பு காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்லப்படும் சந்தை. அதற்குள் பின்தொடைக் கறையை முற்றிலும் போக்கிவிடலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். வாங்கி, மடித்து, பீடிக்கட்டோடு செருகிக்கொண்டார்.

"வாங்கறவங்க பல்லயும் சுழியயும்தாங்க பாப்பாங்க. கறயக் காட்டுனா வெலயக் கொறைக்கச் சொல்லுவாங்க. கறயே இல்லீன்னா, ஏனுங்க இத்தன சுத்தமா இருக்குது, எதோ நோவ மறைக்கறீங்களான்னு கேப்பாங்க. கொஞ்சம் இருக்கட்டுங்க."

எவ்வளவு கொஞ்சம் என்பதை அடுத்த கட்ட ஆய்வு வரையறுக்கும்.